1975ல வந்த டிக் டெட்ஐ கார்ட்டூன் படம் பார்க்கலாமா? கொஞ்சம் நீளமாவே சொல்றேன்

கேள்வி இதுதான்: கில்பர்ட் – சல்லிவன் ஜோடியோட ஓபரெட்டாக்கள (பாட்டும் பேச்சும் கலந்த காமெடி மேடை நாடகங்கள) எல்லாம் கலந்து 1975ல இங்கிலாந்துல ஒரு முழு நீள கார்ட்டூன் படம் எடுத்தாங்களாமே, அது ஏன் யார் வாயிலயும் வர்றதே இல்ல, இப்போ உக்காந்து பார்த்தா தேறுமா?

தேறும். ஆனா கதைக்காகப் பார்க்காதீங்க, கதை தேறாது. பாட்டுக்காகப் பார்த்தா பாதி தேறும். வரைஞ்ச கோட்டுக்காகப் பார்த்தா முழுசா தேறும், ஏன்னா ரொனால்ட் சேர்ல்னு ஒரு பெரிய கார்ட்டூன் ஓவியர், அவரோட பேனாக் கோடு ஒரு முழுப்படம் நீளத்துக்கு நடந்து குதிச்சு வாயைத் தொறந்து பாடறத வேற எங்க போயும் இப்படிப் பார்க்க முடியாது.

படத்தோட முழுப்பேரு "டிக் டெட்ஐ, ஆர் டூட்டி டன்". டைரக்டர் பில் மெலண்டஸ், சார்லி பிரவுன் – ஸ்னூப்பி கார்ட்டூன்கள எல்லாம் எடுத்த அதே ஆளு. பாத்திரங்கள டிசைன் பண்ணது சேர்ல். இசை ஆர்தர் சல்லிவன் போட்ட பழைய மெட்டுங்கதான், அதை 70கள் பாப் – ராக் பாணிக்கு மாத்திக் கொடுத்தது ஜிம்மி ஹோரோவிட்ஸ். வரிகளையும் நிறைய எடத்துல புதுசா எழுதிட்டாங்க. ஓடுற நேரம் சுமாரா 80 நிமிஷம்.

கில்பர்ட் – சல்லிவன் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம் இல்லாம மேல போக முடியாது, ஏன்னா இந்தப் படம் நீங்க அதுல ஊறிப்போன ஆளுன்னு நெனச்சுக்கிட்டே பேசுது. டபிள்யூ.எஸ். கில்பர்ட் கதையும் வரியும், சல்லிவன் இசை, ரெண்டு பேரையும் கட்டி மேய்ச்சது ரிச்சர்ட் டாய்லி கார்ட்னு ஒரு தயாரிப்பாளர். 1871ல இருந்து 1896க்குள்ள 14 ஓபரெட்டா. இவங்களுக்காகவே 1881ல லண்டன்ல சவாய் தியேட்டரக் கட்டினாரு கார்ட், கட்டடம் முழுக்க மின்சார விளக்கு போட்ட முதல் பொதுக் கட்டடம்னு அதுக்குப் பேரு. கடைசில 1890ல தியேட்டருக்கு வாங்கின கார்ப்பெட் செலவு யாரு கணக்குலன்னு மூணு பேரும் சண்டை போட்டு கோர்ட்டு வரைக்கும் போனது தனிக்கதை.

கில்பர்ட் ஆரம்பத்துல வக்கீல். இது ரொம்ப முக்கியம். அவரோட காமெடி முழுக்க வக்கீல் மூளை பண்ற வேலை. கிறுக்குத்தனமா ஒரே ஒரு விஷயத்தை ஏத்துக்கோங்கன்னு சொல்லுவாரு, ஏத்துக்கிட்டீங்கன்னா அதுக்கப்புறம் ஒரு வரி கூட லாஜிக் பிசகாம உங்கள இழுத்துக்கிட்டுப் போய் பைத்தியக்கார ஊருல விட்டுருவாரு. "பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்" எடுத்துக்கோங்க, ஹீரோ 21வது பொறந்தநாள் வரைக்கும் கடற்கொள்ளைக்காரங்ககிட்ட வேலை பார்க்கணும்னு ஒப்பந்தம், 21 வயசு ஆயிடுச்சுன்னு கிளம்புறான், அப்போ ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுறாங்க, அதுல 21 வயசுன்னு இல்ல, 21வது பொறந்தநாள்னு இருக்கு, பையன் பொறந்தது பிப்ரவரி 29. அவனும் கடமை கடமைன்னு சாகுற ஆளு, சரின்னு திரும்பிப் போயிடறான்! இதே நாடகத்துல கொள்ளைக்காரங்க அநாதைகள மட்டும் தொடமாட்டாங்க, ஏன்னா அவங்களும் அநாதைங்க, விஷயம் வெளிய பரவி அவங்க பிடிக்கிற ஒவ்வொரு கப்பல்லயும் மொத்தப் பேரும் அநாதைன்னே சொல்றாங்க, தொழில் படுத்துடுச்சு.

இப்போ நம்ம டிக் டெட்ஐ. இவன் 1878ல வந்த "எச்.எம்.எஸ். பினஃபோர்" நாடகத்துல வர்ற ஒரு மாலுமி. ஒத்தைக் கண்ணு, கோணல் உடம்பு, பார்க்கவே பயமா இருப்பான். அந்தக் கப்பல்ல நடக்கறதுல நியாயமாப் பேசற ஒரே ஆளு அவன்தான். ஆனா அவன் வாயத் தொறந்தாலே எல்லாரும் முகத்தைத் திருப்பிக்குவாங்க. கேப்டனுக்கும் சாதா மாலுமிக்கும் சமத்துவம்னு ஒண்ணு கிடையாதுன்னு அவன் சொன்னா "ஐயோ எவ்வளவு கெட்ட மனசு"ன்னு கூட்டமே பதறும், அதே கூட்டம் கேப்டன் முன்னாடி சலாம் போட்டுக்கிட்டுதான் நிக்கும். தன் மூஞ்சிக்கு எந்த நல்ல வார்த்தையும் எடுபடாதுன்னு அவனே சொல்லிக்குவான். மேலோட்டமா வில்லன், உத்துப் பார்த்தா கில்பர்ட் தன்னோட வாயையே அவனுக்குக் கொடுத்திருக்காரு.

சும்மா ஓரத்துல நின்ன இந்த ஆளத் தூக்கி ஹீரோவா வெச்சதுதான் படத்தோட உருப்படியான ஐடியா. படத்தோட கதைப்படி, மகாராணிகிட்ட இருந்த "கடைசி ரகசியம்"னு ஒரு பொருளை மந்திரவாதி திருடிட்டான், கடற்கொள்ளைக்காரங்க தலைவனுக்கு விக்கப் போறான், போய் மீட்டுக்கிட்டு வான்னு டிக் டெட்ஐ கிட்ட பொறுப்பக் கொடுக்கிறாங்க. அவ்வளவுதான் கதை. மீதி எல்லாம் அவன் போற வழில ஒவ்வொரு ஓபரெட்டால இருந்தும் ஒவ்வொருத்தரா எதிர்ல வர்றதுதான். ரகசியம் என்னன்னு இங்க உடைக்க மாட்டேன், பெருசா எதிர்பார்க்காதீங்கன்னு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எங்கெங்க இருந்து யார் யார் வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா பார்க்க ஜாலியா இருக்கும். மந்திரவாதி "தி சார்சரர்" நாடகத்து ஆளு, 1877ல வந்தது. மூலத்துல அவன் பேரு ஜான் வெலிங்டன் வெல்ஸ், லண்டன்ல ஆபீஸ் போட்டு மந்திரம் மாயத்தை யாவாரம் மாதிரி விக்கிறவன், ஒரு ஊருக்கே டீ பாத்திரத்துல காதல் மருந்து கலந்து விட்டுருவான். ரோஸ் மேபட் 1887ல வந்த "ரடிகோர்" பொண்ணு, குழந்தையா இருந்தப்ப ஏழைகள் விடுதி வாசல்ல ஒரு நாகரிகப் பழக்கவழக்கப் புஸ்தகத்தோட விட்டுட்டுப் போயிட்டாங்க, அந்தப் புஸ்தகத்தைக் கேக்காம அவ எதையும் செய்ய மாட்டா, காதல் உள்பட. லிட்டில் பட்டர்கப் பினஃபோர்ல வர்ற அம்மா, துறைமுகத்துல மாலுமிங்களுக்கு சாமான் விக்கிறவ, முன்னாடி குழந்தைகள வளர்த்துக் கொடுக்கிற வேலை பார்த்தப்போ ரெண்டு குழந்தைய மாத்தி விட்டுட்டேன்னு கடைசி நேரத்துல வந்து சொல்லுவா. அந்த ரெண்டு குழந்தைல ஒண்ணு கேப்டன், இன்னொண்ணு கேப்டனோட பொண்ணைக் காதலிக்கிற இளைஞன், அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே வயசான்னு கேக்கக்கூடாது, அதுதான் கில்பர்ட். யம் யம்மும் நான்கி பூவும் 1885 "மிகாடோ"ல இருந்து. இதுல ஒரு குசும்பு பண்ணியிருக்காங்க, மூலத்துல நான்கி பூ ஒரே ஆளு, படத்துல அவனை நான்கி ஒருத்தன் பூ ஒருத்தன்னு இரட்டையரா பிரிச்சு, பட்டர்கப்போட குழந்தை மாத்துற கதையில கொண்டு போய் ஒட்டிட்டாங்க.

குரல் கொடுத்தவங்களும் சாதாரண ஆளுங்க இல்ல. டிக் டெட்ஐக்கு விக்டர் ஸ்பினெட்டி, பீட்டில்ஸ் நடிச்ச படங்கள்ல எல்லாம் பதறிக்கிட்டே வருவாரே அவரு. ஜூலியா மெக்கன்ஸி ரோஸ் மேபட், பின்னாடி டிவில அகதா கிறிஸ்டியோட துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளா வந்தவங்க. யம் யம்முக்கு லிண்டா லூயிஸ், சோல் பாடகி, அந்த உச்சஸ்தாயி குரலுக்காகவே நான் சில இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கேன்.

சரி, ஏன் ஓடல, ஏன் மறந்தாங்க?

பொதுவா சொல்ற காரணம், பழமைவாத ரசிகர்கள் கொதிச்சுட்டாங்க, சல்லிவன் மெட்டுக்கு டிரம்ஸும் கிட்டாரும் போட்டா அவங்க எப்படித் தாங்குவாங்கன்னு. இதுல உண்மை இருக்கு. ஏன்னா இங்கிலாந்துல இந்த நாடகங்கள தொழில்முறைல போடற உரிமை ரொம்ப காலம் டாய்லி கார்ட் கம்பெனி ஒண்ணுகிட்டதான் இருந்துச்சு, கை எந்தப் பக்கம் ஆட்டணும் விசிறிய எப்போ விரிக்கணும்ங்கிறது வரைக்கும் பரம்பரையா கட்டிக் காப்பாத்தினாங்க. கில்பர்ட் செத்தது 1911, அவர் எழுத்துக்கு காப்பிரைட் 1961 முடிவுலதான் போச்சு, அதுக்கப்புறம்தான் வெளியாளுங்க துணிஞ்சு கை வெக்க முடிஞ்சுது. அதுலயும் இந்தப் படம் வந்த 1975, இதே ஜோடியோட "ட்ரையல் பை ஜூரி" நாடகம் அரங்கேறி சரியா 100 வருஷம், டாய்லி கார்ட் கம்பெனி சவாய் தியேட்டர்லயே நூற்றாண்டு விழா நாடகங்கள் போட்ட வருஷம். அந்தப் பக்கம் ஆரத்தி எடுத்துக்கிட்டு இருக்கறப்போ இந்தப் பக்கம் ராக் பேண்டோட ஒரு கார்ட்டூன், கோவம் வராம இருக்குமா.

ஆனா நான் இந்தக் காரணத்தை முழுசா ஏத்துக்க மாட்டேன். முதல் விஷயம், இந்தப் படைப்புகள மத்தவங்க எடுத்துப் பிரிச்சு மேயறது ஒண்ணும் புதுசு இல்ல. பினஃபோர் வந்த உடனேயே அமெரிக்காவுல பைசா கொடுக்காம எக்கச்சக்க கம்பெனிங்க இஷ்டத்துக்கு மாத்திப் போட்டாங்க, வெளிநாட்டுக்காரன் எழுத்துக்கு அங்க அப்போ சட்டப் பாதுகாப்பு கிடையாது, அந்தக் கடுப்புலதான் அடுத்த நாடகத்தை 1879 டிசம்பர் 31 அன்னிக்கு நியூயார்க்லயே போய் இறக்கினாங்க, அதுதான் மேல சொன்ன "பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்". 1930கள்ல மிகாடோவ கறுப்பினக் கலைஞர்கள் ஸ்விங்னு சொல்ற ஜாஸ் வகை இசையில போட்டு சிகாகோவும் நியூயார்க்கும் ஆடிச்சு.

ரெண்டாவது, 1980ல ஜோசஃப் பாப்னு ஒரு அமெரிக்க நாடகத் தயாரிப்பாளர் பைரேட்ஸ எடுத்து நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல லிண்டா ரான்ஸ்டட், கெவின் க்ளைன வெச்சு பாப் பாணி இசையிலதான் போட்டாரு, அது பிராட்வே போய், டோனிங்கிற பெரிய நாடக விருது வாங்கி, படமாவும் வந்துச்சு. அப்போ கிட்டார் குத்தம் இல்ல. மூணாவது, கார்ட்டூனா எடுத்ததாலயான்னு கேட்டா, 1960கள்லயே ஜாய் பேட்ச்சலர் "ரடிகோர்" நாடகத்தை கார்ட்டூனா எடுத்தாங்க, "அனிமல் ஃபார்ம்" எடுத்த ஹாலஸ் அண்ட் பேட்ச்சலர் கம்பெனி, பாடினது சாட்சாத் டாய்லி கார்ட் ஆளுங்களே. பயபக்தியோட எடுத்த படம். அதையும்தான் எல்லாரும் மறந்துட்டாங்க.

என் கணக்குல பிரச்சனை வேற. ஜோசஃப் பாப் என்ன பண்ணாரு, இசையோட உடுப்ப மாத்தினாரு, கில்பர்ட்டோட லாஜிக்க தொடவே இல்ல, பிப்ரவரி 29 அப்படியே இருந்துச்சு. டிக் டெட்ஐ படத்துல கில்பர்ட்டோட ஆளுங்க எல்லாரும் இருக்காங்க, அவங்கள அவங்களா ஆக்குன அந்த வக்கீல் வாதம் காணோம். இளகின மனசுக் கொள்ளைக்காரன் இப்போ வெறும் கொள்ளைக்காரன். டீயில மருந்து கலக்கற சின்ன யாவாரி இப்போ வழக்கமான கார்ட்டூன் வில்லன். தெரிஞ்சவங்களுக்கு "அட இவரு அந்த நாடகத்து ஆளு"ன்னு ஒரு சந்தோஷம் வரும், தெரியாதவங்களுக்கு அதுவும் இல்ல, யாருன்னே தெரியாத கல்யாணத்துல பந்தியில உக்கார்ந்த மாதிரி வர்றவங்க போறவங்கள பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். வரிகள மாத்தினதும் அதே கேடுதான் பண்ணுது. கில்பர்ட்டோட வேகப்பாட்டுல எதுகையும் அர்த்தமும் ஒரே நேரத்துல டபக்குன்னு வந்து விழும், புது வரில எதுகை விழுது, அர்த்தம் கொஞ்சம் தள்ளி நிக்குது. அப்புறம் யாருக்காக எடுத்தாங்கன்னும் புரியல. குழந்தைங்களுக்கு இரட்டை அர்த்த நையாண்டி புரியாது, பெரியவங்க 1975ல கார்ட்டூன்னா குழந்தைங்களுக்குன்னு வீட்டுலயே இருந்துட்டாங்க. பொண்ணுங்கள வரைஞ்ச விதமும் அந்தக் காலத்து பிரிட்டிஷ் காமெடி வாடை அடிக்கும், அதுக்கு மனச தயார் பண்ணிக்கிட்டு உக்காருங்க.

தப்பிச்ச ஒரே ஆளு ஹீரோதான். அழகில்லாததால யாரும் நம்பாத நல்லவன்ங்கிற அந்த கில்பர்ட் நக்கல் அவன்கிட்ட மட்டும் முழுசா மிச்சம் இருக்கு. அதுக்குக் காரணம் கதை எழுதினவங்க இல்ல, சேர்ல்.

சேர்ல் பத்தி சொல்லாம இருக்க முடியாது, இங்கதான் நான் கொஞ்சம் ஓவரா பேசுவேன். 1920ல கேம்பிரிட்ஜ்ல பொறந்தவரு. ரெண்டாம் உலகப் போர்ல 1942 ஆரம்பத்துல சிங்கப்பூர் வந்து இறங்கினாரு, அடுத்த மாசமே ஜப்பான்காரங்ககிட்ட கைதி. சாங்கி சிறை, அப்புறம் சயாம் – பர்மா ரயில்பாதை. மலாயா ரப்பர் தோட்டங்கள்ல இருந்து கொண்டு போன ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளிங்க காலராலயும் பட்டினிலயும் செத்தாங்களே, அதே மரண ரயில்தான். அங்க கிடைச்ச துண்டுப் பேப்பர்ல எல்லாம் திருட்டுத்தனமா வரைஞ்சாரு, மாட்டினா உயிர் போயிடும், வரைஞ்சத காலரா நோயாளிங்க படுக்கைக்கு அடியில ஒளிச்சு வெச்சாரு, காவல்காரங்க அந்தப் பக்கம் கிட்ட வரமாட்டாங்கன்னு. சுமார் 300 படம் பொழைச்சு வந்துச்சு, லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்துல இருக்கு. திரும்பி வந்து செயின்ட் டிரினியன்ஸ்ங்கிற கற்பனைப் பள்ளிக்கூடத்து ராட்சசப் பொண்ணுங்கள வரைஞ்சு இங்கிலாந்தையே சிரிக்க வெச்சாரு, 1961ல எல்லாத்தையும் விட்டுட்டு பாரிஸ் போயிட்டாரு. எலும்பும் தோலுமா மனுஷன் எப்படி வளைவான், மூக்கும் முட்டியும் எப்படித் துருத்தும்ங்கறது அந்தக் கைக்கு எங்க இருந்து பழகிச்சுன்னு அந்தக் கைதி முகாம் படங்களப் பார்த்தா புரியும். டிக் டெட்ஐயோட கோணல் உடம்பப் பார்க்கறப்ப எனக்கு அந்தப் படங்கதான் ஞாபகத்துக்கு வரும், இது என்னோட ஊகம்தான்.

இப்படிப்பட்ட கோட்ட கார்ட்டூனா ஓட்டறது லேசுப்பட்ட காரியம் இல்ல. சேர்ல் கோடு மை தெறிச்சு, இடையில அறுந்து, திடீர்னு தடிச்சு, ஒரு எடத்துல சும்மா கிறுக்கின மாதிரி போகும். ஒரு படத்துக்கு அது அழகு. கார்ட்டூன்ல செகண்டுக்கு 24 ஃப்ரேம், ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம்னு மிச்சம் பிடிச்சாலும் 12 படம் வரையணும், 80 நிமிஷத்துக்கு 57,600. ஒவ்வொரு படத்துலயும் மை வேற வேற எடத்துல தெறிச்சா திரையில கொதிக்கிற மாதிரி நடுங்கும், தெறிக்காம சுத்தமா வரைஞ்சா அது சேர்ல் கோடே இல்ல. 1961ல டிஸ்னி "101 டால்மேஷன்ஸ்" படத்துல பென்சில் கோட்டை ஜெராக்ஸ் முறையில நேரா செல்லுலாய்ட் தாளுக்கு மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கையால மறுபடி மேல இழுப்பாங்க, கோட்டோட உயிர் அங்கயே பாதி போயிடும். ஜெராக்ஸ் வந்த பிறகுதான் இந்த மாதிரி சொரசொரப்பான கோடெல்லாம் நினைச்சுப் பார்க்கற விஷயம் ஆச்சு. சேர்ல் அதுக்கு முன்னாடியும் கார்ட்டூன் பக்கம் வந்திருக்காரு, 1965ல "தோஸ் மேக்னிஃபிசென்ட் மென் இன் தேர் ஃப்ளையிங் மெஷின்ஸ்" படத்துக்கு டைட்டில் போட்டது அவரு டிசைன்தான். ஆனா அது சில நிமிஷம். இது முழுப்படம்.

மெலண்டஸ் இதுக்கு சரியான ஆளு, இத யாரும் சொல்றதில்ல. மெக்சிகோவுல ஹெர்மோசில்லோ ஊருல பொறந்தவரு, டிஸ்னில "ஃபேன்டேசியா", "பாம்பி" காலத்துல வேலை பார்த்தாரு, 1941 ஸ்ட்ரைக்ல நின்னு அப்படியே வெளிய வந்துட்டாரு. சார்ல்ஸ் ஷுல்ஸ் தன்னோட பீனட்ஸ் பாத்திரங்கள (சார்லி பிரவுன், ஸ்னூப்பி) இவர்கிட்ட நம்பி விட்டதே, அந்தப் பெரிய தலையையும் குட்டிக் கையையும் டிஸ்னி மாதிரி வழவழன்னு ஆக்காம வரைஞ்ச மாதிரியே ஓட்டுவாருன்னுதான். 1965 சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் பார்த்தீங்கன்னா தெரியும், அசைவு கம்மி, ஷுல்ஸ் கோடு பத்திரமா இருக்கும். ஸ்னூப்பி குரலும் இவரோடதுதான், உளறினத ரெக்கார்ட் பண்ணி வேகத்தைக் கூட்டி விட்டாரு. ஆக இன்னொரு ஓவியனோட கைய அப்படியே காப்பாத்தி ஓட வைக்கிறதுதான் அவர் பண்ண தொழிலே. ஷுல்ஸ் கோடு நாலு, சேர்ல் கோடு நானூறு, அதுலயும் விடாம முயற்சி பண்ணியிருக்காரு. எல்லா எடத்துலயும் ஜெயிக்கல, வேகமா ஓடற காட்சிகள்ல உருவம் வழுவழுன்னு ஆயிடும். ஆனா ஒரு முகம் கிட்ட வந்து நின்னு பாடறப்போ, கன்னத்துல அந்தக் கிறுக்கல் கோடுங்க அசையுது பாருங்க, அதுக்குத்தான் உங்களப் பார்க்கச் சொல்றேன்.

எப்படிப் பார்க்கலாம்னா, முதல்ல பினஃபோரும் பைரேட்ஸும் மேடை நாடகமா எடுத்த ஏதாவது ஒரு வீடியோ பாருங்க, ஜோசஃப் பாப்போட பைரேட்ஸ் படமா 1983ல வந்திருக்கு, அதுவே போதும். மிகாடோ எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சுக்க மைக் லீ எடுத்த "டாப்சி டர்வி" இருக்கு, 1999, அது நெசமாவே பெரிய படம், ஆனா மிகாடோவ வெள்ளைக்காரங்க ஜப்பான் வேஷம் கட்டி ஆடறது இன்னிக்கு நிறைய பேருக்கு ஒத்து வராது, அந்த சண்டை இப்பவும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. இதெல்லாம் பார்த்துட்டு டிக் டெட்ஐக்கு வந்தீங்கன்னா மெட்டு வர்றப்ப எல்லாம் "ஓ இதுவா"ன்னு பிடிபடும், யாரு யாருன்னு குழம்ப மாட்டீங்க. ஒரே மூச்சுல பார்க்கவும் வேணாம், பாட்டுப் பாட்டா நிறுத்தி நிறுத்திப் பாருங்க, நல்ல ஃப்ரேம் வந்தா பாஸ் பண்ணிருங்க. சேர்லோட ஓவியங்கள வெச்சு அதே 1975ல "டிக் டெட்ஐ"ன்னு புஸ்தகமும் வந்துச்சு, பழைய புஸ்தகக் கடைக்காரங்ககிட்ட மாட்டினா விடாதீங்க, திரையில நழுவிப்போன மை தெறிப்பு எல்லாம் அதுல பத்திரமா இருக்கும்.